திரிகை என்று நினைத்த சொல்

ஹிண்டர்மோஸ்
11 நவம்பர் 2018

என் தங்கச்சி நோர்சோமுக்கு,

இதை எழுதுவது நான்தான். உன் அண்ணன் சம்பெல். யாரும் எழுதித் தரவில்லை. உறையின் மேலிருக்கும் இந்திய விலாசத்தை மட்டும் தபால் நிலையத்துப் பெண் எழுதினாள். உள்ளே இருப்பதெல்லாம் என் கை.

முதல் வரியை முடித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தேன். வரி அங்கேயே இருந்தது. பேசினால் காற்றோடு போய்விடுகிறது, இது போகவில்லை. எழுபத்து மூன்று வயதில் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன். சிரிக்காதே.

நம் எழுத்தில் அசைக்கு அசை ஒரு புள்ளி வைக்கிறோமே, அந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குலு மலையில் சாலை போட்ட நாட்களில் நான் கல் உடைப்பேன். நீ கீழே கூடாரப் பள்ளியில் முப்பது எழுத்தையும் தொண்டை கிழியக் கத்துவாய். மேலே எனக்குக் கேட்கும். ஓசை அப்போதே மனப்பாடம். குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்களின் முகத்தை ஐம்பத்தைந்து வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலையில் தேவாலயத்தின் பின்னறையில் வகுப்பு. சொல்லித்தருபவர் கெஷே-லா, நாற்பது வயதுத் துறவி. நாங்கள் ஆறு பேர். அதில் சொந்தப் பல் இருப்பவர்கள் இரண்டு பேர். "எழுத்தை நாக்கால தொட்டுச் சொல்லணும்" என்பார் கெஷே-லா. "நாக்கு இருக்கு, அது போய்த் தொடறதுக்குப் பல்லுதான் இல்ல" என்பான் பக்கத்தில் இருக்கும் கிழவன்.

என்னைக் கிளப்பிவிட்டது யார் தெரியுமா? ராப்சல்தான். நம் தம்பி லுண்டுப் விட்டுப்போன ஒரே பிள்ளை. போன வருடம் ஊரிலிருந்து கைபேசியில் குரல் செய்தி அனுப்பினானே: "பெரியப்பா, ஆடு மேய்க்கிற கிழவிங்ககூட என் வகுப்புல முப்பது எழுத்தையும் முடிச்சிட்டாங்க. நீங்க சுவிட்சர்லாந்துல உக்காந்து என்ன பண்றீங்க, பாலாடைக்கட்டிக்கு ஓட்டை போடறீங்களா?" அன்றைக்கே முடிவு செய்தேன். இப்போது என் எழுத்தை அவனுக்குக் காட்டலாம் என்றால் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உனக்கு அடித்தால் நீயும் எடுப்பதில்லை. எட்டு மாதம் ஆகிறது. என்மேல் என்ன கோபம்? எழுதவாவது எழுது.

இன்னொரு செய்தி. இந்த ஊர் மன்றத்தில் நமக்காக ஒரு தீர்மானம் வரப்போகிறது. ரேகுலா அம்மாள் என்று ஒரு உறுப்பினர், மாட்டு வைத்தியர், அவர்தான் கொண்டுவருகிறார். நம் மக்களின் மனித உரிமையையும் சுயநிர்ணயத்தையும் இந்த ஊர் ஆதரிக்கிறது என்று தீர்மானம். மார்ச் பத்தாம் தேதி, நம் எழுச்சி நாளில், மன்றக் கட்டடத்தில் நம் கொடி ஏறும். நம் நாட்டுச் சிறையில் இருக்கும் ஒருவரை ஊரே தத்தெடுக்கும். அவர் பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டுவார்கள். அடியில் நம் மொழியிலும் ஒரு வரி வேண்டுமாம். அதை எழுதப்போவது யார் என்று நினைக்கிறாய்?

மூன்று நாளாக எழுதுகிறேன். கை வலிக்கிறது. நல்ல வலி.

உன் அண்ணன்
சம்பெல்


ஹூப்ளி
2 டிசம்பர் 2018

ஜோலாவுக்கு,

உங்கள் கடிதம் முண்டகோடு முகாமுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஏறி, பேருந்தில் இந்த ஸ்வெட்டர் சந்தைக்கு வந்து சேர்ந்தது. ஜோலா என்று கூப்பிட்டே பழகிய என் அண்ணன் எழுத்து என்று நம்பவே இல்லை. ஏதோ கோழி நடந்திருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் நீங்கள் பேசுவது காதில் விழுந்தது. பதினேழு பிழை. எண்ணிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் நான்கு பிழை என்னை அழ வைத்தது.

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடுவில் ஆள் வந்தால் வரி அறுந்துபோகும். இப்போதுகூட ஒருத்தி வந்தாள். "அக்கா, இது தண்ணில போட்டா சுருங்குமா?" "நீங்க குளிச்சா சுருங்குவீங்களா? அதே மாதிரிதான் இதுவும்." வாங்கிக்கொண்டு போனாள்.

சரி. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஜோலா. கைபேசியை எடுக்க பயம். ராப்சலை மார்ச் மாதம் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

குளிர்கால வகுப்பை மூடினார்கள். படித்தவர்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார்கள். அந்த ஆடு மேய்க்கும் கிழவிகளையும் கேட்டார்கள். பிறகு அவனுடைய கைபேசியைத் திறந்தார்கள். யாரோடு பேசினான், வெளிநாட்டிலிருந்து என்ன வந்தது என்று. இதெல்லாம் காட்மாண்டுக்கு மூலிகை கொண்டுவரும் வியாபாரி ஒருவர் மூலமாக, அவன் அம்மா யாங்கி சொல்லி அனுப்பியது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது.

யாங்கி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குடும்பம் வாயை மூடிக்கிட்டு இருந்தா லோசர் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க. யாரும் அவன் பேரை எங்கயும் எடுக்காதீங்க. அண்ணன்கிட்டயும் சொல்லாதீங்க, அவர் சந்தோஷம் வந்தாலும் ஊருக்குச் சொல்லுவார், துக்கம் வந்தாலும் ஊருக்குச் சொல்லுவார்."

அதனால்தான் உங்களிடம் மறைத்தேன். இப்போது நீங்கள் பெயர்ப் பலகை என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு இனியும் மறைக்க முடியாது. ஜோலா, அந்தப் பலகையில் அவன் பெயர் வரக் கூடாது. லோசர் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டே மாதம்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நோர்சோம்


ஹிண்டர்மோஸ்
23 டிசம்பர் 2018

நோர்சோமுக்கு,

அடுப்பில் போடவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு வந்து, நானே படித்த முதல் கடிதம் அது. மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அதில் இப்படி ஒரு செய்தியை எழுதியிருக்கிறாயே.

நான்கு நாள் எதையும் எழுதவில்லை. பிறகு ஒரு தாளில் ராப்சல் ராப்சல் என்று எழுதிப் பார்த்தேன். முதலில் கோணல். பத்தாவது முறை நிமிர்ந்தது. இப்போது அதுதான் என் கையெழுத்திலேயே அழகான சொல்.

நீ சொல்வது புரிகிறது. ஆனால் நான் சொல்வதையும் கேள். யார் என்று சொல்லாமல், பொதுவாக ரேகுலா அம்மாளிடம் கேட்டேன். "பேரைச் சொல்றது நல்லதா, சொல்லாம இருக்கறது நல்லதா?" அவர் கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துத்தான் பதில் சொன்னார். "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, சம்பெல். ஆனா ஒரு ஊரே ஒருத்தன் பேரைச் சொல்லிக் கேக்குதுன்னா, அவன்மேல கை வைக்கறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். பேர் தெரியாதவன் செத்தா கணக்குலயே வராது."

ஒரு நிமிஷம், நோர்சோம். அந்த ஒரு நிமிஷத்தை அவனுக்கு நாம் வாங்கித்தர முடியாதா? வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்கிறாய். அவர்கள் கொடுத்த வாக்கை நீ எப்போதிலிருந்து நம்ப ஆரம்பித்தாய்? அப்பாவுக்கும் வாக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புகிறோம் என்றுதான் கூட்டிப்போனார்கள்.

மன்றத்தில் பலகைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. பிப்ரவரியில் கேட்பார்கள். என் சட்டைப்பையில் பெயர் இருக்கிறது. நீ சரி என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

எழுதித்தர வேண்டிய அந்த வரியையும் எழுதி முடித்தேன், பலகைக்குப் பதில் மார்ச் ஊர்வலத்தில் பிடிக்கும் துணியில் தைக்கப்போகிறார்களாம். மனித உரிமை கஷ்டமாக இல்லை. சுயநிர்ணயம்தான், ரங்தக் ரங்சோ. ஒவ்வொரு மார்ச் பத்தாம் தேதியும் மேடையில் சொல்வார்கள், நானும் கையை உயர்த்திக் கத்தியிருக்கிறேன். ரங்தக் என்றால் நம் ஊரில் திரிகைதானே. ஓடைக்கரையில் அப்பா வைத்திருந்தாரே, ஊர் முழுக்க வறுத்த பார்லியைக் கொண்டுவந்து அரைக்குமே, அந்தத் திரிகை. அதைத்தான் கேட்கிறோம் என்று நினைத்திருக்கிறேன். நம் திரிகையை நமக்குத் திருப்பிக் கொடு, நம் மாவை நாமே அரைத்துக்கொள்கிறோம். இதைவிட நியாயமாக என்ன கேட்க முடியும்? யார் யோசித்த சொல்லோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

பதில் போடு. சீக்கிரம் போடு.

சம்பெல்


முண்டகோடு
8 ஜனவரி 2019

ஜோலாவுக்கு,

திரிகை இல்லை. கயிறு.

ரங்தக் என்பதை இரண்டு விதமாக எழுதலாம். நடுவில் ஒரு ஊமை எழுத்து வந்தால் திரிகை. அது இல்லாவிட்டால் தன் கயிறு. தன் கயிற்றைத் தானே அறுப்பது, அதுதான் சுயநிர்ணயம். ஒன்றை முடிவு செய்தோம் என்று சொல்ல வேண்டுமானால் கயிறு அறுத்தோம் என்றுதானே சொல்கிறோம், தினமும் வாயில் வருகிற சொல். எழுத்து தெரியாமல் காதால் மட்டும் கேட்டதால் அறுபது வருடம் திரிகை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப்பார்த்தாள். "என்ன அக்கா, நல்ல செய்தியா?" என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

உங்களிடம் இன்னொன்றையும் மறைத்திருக்கிறேன்.

ராப்சலுக்கு வகுப்புக்குப் பாடப்புத்தகம் இல்லை. "அத்தை, உங்க முகாம் பள்ளிக்கூடத்துப் பாலபாடத்தைப் படம் புடிச்சு அனுப்புங்க, நான் பாத்து எழுதிக்கறேன்" என்றான். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். அட்டையையும் சேர்த்து எடுத்தேன். அட்டையில் நம் கொடி இருக்கிறது, ஜோலா. இரண்டு சிங்கமும் சூரியனும். இங்கே அது பள்ளிப்பையில், பிஸ்கட் டப்பாவில், ஆட்டோவின் பின்னால் என்று எங்கும் இருப்பதால் என் கண்ணுக்குப் படவே இல்லை. அவர்கள் கண்ணுக்கு அது மட்டும்தான் பட்டது.

நோர் என்றால் செல்வம் என்று நினைத்துத்தான் அம்மா எனக்குப் பெயர் வைத்தாள். அதே எழுத்துக்குத் தவறு என்றும் பொருள் உண்டு. எனக்கு அதுதான் பொருத்தம்.

ஒரு தடவை யோசிக்காமல் அனுப்பியதற்கு அவன் உள்ளே இருக்கிறான். இன்னொரு தடவை யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டேன். நீங்கள் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலாம். கிடைக்காமல் போனால்? அங்கே யாங்கியின் கதவைத்தான் தட்டுவார்கள். உங்கள் மன்றத்தின் கதவையா தட்டப்போகிறார்கள்?

முடிவு எடுக்க வேண்டியவன் ராப்சல். அவனைக் கேட்க வழி இல்லை. அவனுக்கு அடுத்தபடி யாங்கி. அவள் சொல்லிவிட்டாள். அடுத்தவர் கயிற்றில் நீங்கள் கத்தியை வைக்காதீர்கள். வாக்குக் கொடுங்கள், ஜோலா. எழுத்தில் கொடுங்கள். நீங்கள் எழுதுவது அழியாது என்று நீங்களே சொன்னீர்கள்.

நோர்சோம்

துணியில் தைப்பதற்குள் அந்த ஊமை எழுத்தை எடுத்துவிடுங்கள்.


ஹிண்டர்மோஸ்
12 மார்ச் 2019

நோர்சோமுக்கு,

வாக்கை ஜனவரியிலேயே ஒரு அட்டையில் எழுதிப் போட்டேன். வந்து சேர்ந்ததா தெரியவில்லை. எப்படியும், காப்பாற்றிவிட்டேன். எப்படிக் காப்பாற்றினேன் என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி மன்றக் கூட்டம். ஒன்பது உறுப்பினர்கள். பின்வரிசையில் நம் ஆட்கள் பதினொரு பேர், எல்லோரும் நம் உடுப்பில். தீர்மானத்தை ரேகுலா அம்மாள் படித்தார். கெர்பர் என்று ஒரு பால் பண்ணைக்காரர் எழுந்தார்.

"நம்ம பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது. அதை விட்டுட்டு இமயமலைக்குக் கூரை போடப் போறோமா?"

"கூரைக்குப் போன மாசமே தீர்மானம் போட்டாச்சு, கெர்பர். நீங்க அன்னைக்குத் தூங்கிட்டிருந்தீங்க."

"தூங்கல. கண்ணை மூடிட்டுக் கேட்டேன். சரி, நாலாயிரம் பேர் இருக்கற ஊரு. நாம கை தூக்கினா பீஜிங்ல யாராவது திரும்பிப் பாப்பாங்களா?"

"உங்க மாடு ராத்திரி கத்தினா நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கற நான் எந்திரிச்சு வரேன் இல்ல? கத்தறது மாட்டோட வேலை. யார் காதுல விழும்னு அது பாக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கெர்பரும் சிரித்தார். ஆனால் எதிர்த்துத்தான் கை தூக்கினார். ஏழுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

பிறகு பெயர். ரேகுலா அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சம்பெல், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது உள்ள இருக்காங்களா? உங்க சொந்தத்துல? நமக்குத் தெரிஞ்ச குடும்பம்னா ஊருக்கும் ஒரு ஒட்டுதல் இருக்கும்."

பெயர் சட்டைப்பையில் இருந்தது. மடித்த தாளின் ஓரம் நெஞ்சில் குத்தியது. "நைன்" என்றேன். இல்லை. ஜெர்மனில் அது ஒரே அசை. ஐம்பது வருடமாக இந்த மொழியைத் திக்கித் திணறிப் பேசுகிறேன், அந்தச் சொல் மட்டும் எவ்வளவு சுத்தமாக வந்தது என்கிறாய்.

ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். பலகையில் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு மாட்டியிருக்கிறார்கள். தினமும் ரொட்டி வாங்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன்.

நேற்று முன்தினம் கொடி ஏறியது. மழை. தீயணைப்பு வீரர்களின் இசைக்குழு நம் பாட்டை வாசித்தது, பாதி அவர்கள் பாட்டு போல இருந்தது. நான் எழுதிக்கொடுத்த வரியைத் தேவாலயத்துப் பெண்கள் பெரிய துணியில் தைத்திருந்தார்கள். உன் கடிதம் வருவதற்குள் தைத்தாகிவிட்டது, பிரித்துத் தைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தைத்தபோது கெஷே-லா ஊரில் இல்லை, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஹிண்டர்மோஸ் ஊர் முழுதும் மழையில் திரிகை கேட்டு ஊர்வலம் போயிற்று. நம்மவர்களில் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் துணியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கோபித்தார். "அறுபதாவது வருஷத்துல மாவு மில்லா கேக்கறோம்?" எனக்கு அன்று எதுவும் அவமானமாகப்படவில்லை. அதைவிடப் பெரியதை ஏற்கெனவே செய்திருந்தேன்.

புத்தாண்டு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதே. அவன் வீட்டுக்கு வந்துவிட்டானா?

சம்பெல்


முண்டகோடு
20 ஏப்ரல் 2019

ஜோலாவுக்கு,

வந்தான். மார்ச் இருபத்தெட்டாம் தேதி கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். நாம் கொடுத்ததை நாம் காப்பாற்றினோம். ஏப்ரல் நான்காம் தேதி இறந்துபோனான்.

அந்த மூலிகை வியாபாரி நேற்று இங்கேயே வந்தார். நான் தேநீர் ஊற்றினேன், அவர் குடிக்கவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். ஆளைத் தூக்கியபோது கனமே இல்லை என்று யாங்கி சொன்னாளாம். உள்ளே சாகக் கூடாது என்பதற்காக வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை எழுதுவதற்கு நேற்று இரவு முழுவதும் முயற்சி செய்தேன்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் இரண்டாம் தேதி, அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. யாங்கியைக் கூப்பிட்டான். "அம்மா, வெளிய யாராவது என் பேரைச் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

உள்ளே ஒரு வருடமும் தினமும் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். உன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள், உன் பெயரை ஒரு நாய்கூடச் சொல்லவில்லை என்று.

யாங்கி, "சொன்னாங்கடா" என்றாள். "உன் பெரியப்பா இருக்கற ஊர்ல, ஊரே கூடி, வாசல்ல உன் பேரை எழுதி மாட்டியிருக்காங்க." உங்கள் மன்றத்துப் பலகை பற்றியும் அதில் அவன் பெயர் வராது என்பதையும் நான்தான் வியாபாரியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன், அவள் பயப்படாமல் இருப்பதற்காக. அதை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன், "எந்த ஊரு?" என்றான். அவளுக்குப் பெயர் தெரியவில்லை. "பெரியப்பா ஊருடா" என்றே சொன்னாளாம். "பெரிய ஊரா?" "பெரிய ஊருதான்." அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

அவனைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பான், ஜோலா. முடிவு எடுக்க வேண்டியவன் அவன் என்று நான் எழுதினேன். எடுத்துத்தான் வைத்திருந்திருக்கிறான். நாம்தான் வேறு எதையோ காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நீங்கள் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று இனி யாரும் சொல்ல முடியாது. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.

யாங்கி இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறாள். "இனிமே சொல்லுங்க. எல்லா இடத்துலயும் சொல்லுங்க." செத்தவன் பெயரை வாயால் எடுக்கக் கூடாது, எடுத்தால் போகிற உயிர் திரும்பிப் பார்க்கும், அது நம் ஊர் வழக்கமாயிற்றே என்று வியாபாரி கேட்டாராம். "வழக்கம் எனக்கும் தெரியும். உயிரோட இருந்தப்ப பயத்துல சொல்லல. இப்ப வழக்கத்துக்காகச் சொல்லக் கூடாதா? அவன் திரும்பிப் பாக்கட்டும்" என்றாளாம்.

ஆனால் எனக்கு வாய் வரவில்லை, ஜோலா. உயிர் போய்ச் சேரும் நாற்பத்தொன்பது நாள் இன்னும் முடியவில்லை. இந்தக் கடிதத்திலும் அவன் அவன் என்றே எழுதியிருக்கிறேன் பாருங்கள். நீங்கள் செய்யுங்கள்.

நோர்சோம்


ஹிண்டர்மோஸ்
8 மே 2019

நோர்சோமுக்கு,

உன்னைத் திட்ட எனக்கு எழுத்து போதாது. முப்பது எழுத்தையும் தேடிப் பார்த்துவிட்டேன். அதில் உன்மேல் எறிகிற மாதிரி ஒன்றும் இல்லை. அட்டையை அனுப்பியது நீ, இல்லை என்று சொன்னது நான். அவனை அடித்தது நாம் இல்லை. இதைத் தினமும் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீயும் சொல்லிக்கொள்.

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. ரேகுலா அம்மாள் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பிப்ரவரில நான் பொய் சொன்னேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "மன்றத்துல வந்து சொல்லுங்க" என்றார்.

நேற்று கூட்டம். பலகையில் பெயரைச் சேர்க்க மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும். கெர்பர்தான் முதலில் எழுந்தார்.

"அன்னைக்குக் கேட்டப்ப இல்லேன்னீங்களே. ஏன்?"

"பயம்" என்றேன்.

"இப்ப பயம் இல்லையா?"

"இப்ப அவனே இல்ல."

அவர் தன் நோட்டைத் திறந்தார். பிறகு, "பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று பேனாவை எடுத்தார். ஒன்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள். என் வாய் திறக்கவில்லை, நோர்சோம். உன் வாய் எப்படியோ அப்படித்தான் என் வாயும். ஊரில் செத்தவர் பெயரை யாராவது தெரியாமல் சொல்லிவிட்டால் அம்மா தரையில் துப்பச் சொல்லுவாளே, அது நினைவுக்கு வந்தது.

அப்போது ஒன்று தோன்றியது. வாயால் எடுக்கக் கூடாது என்றுதான் வழக்கம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வழக்கத்தை வைத்தவர்கள் என்னைப் போல எழுதத் தெரியாதவர்களாக இருந்திருக்க வேண்டும். "பலகையைக் கொண்டு வாங்க" என்றேன்.

வாசலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஒரு தடித்த தூரிகை கொடுத்தார்கள். நான் மெதுவாகத்தான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு கோடாக இழுத்தேன். கடைசிப் புள்ளி வைத்ததும் ரேகுலா அம்மாள், "எப்படிப் படிக்கணும்?" என்று மெல்லக் கேட்டார். கெஷே-லா எழுந்து படித்தார். துறவி, அவர் சொல்லலாம். பிறகு ஒன்பது பேரும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுக்கு வழக்கம் ஒன்றும் தடை இல்லையே. நாக்கு புரளாமல், கோணல் மாணலாக, ராப்சல் ராப்சல் என்று அந்த அறை முழுக்கச் சொன்னார்கள். கெர்பர்தான் நன்றாகச் சொன்னார். ஒன்பதுக்கு ஒன்பது.

பலகை இப்போது வாசலில் இருக்கிறது. பெயருக்குக் கீழே எந்த வருடம் பிறந்தான், எந்த வருடம் இறந்தான், எதற்காகச் சிறையில் இருந்தான் என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்காக. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ரொட்டி வாங்க வந்த ஒரு பெண் நின்று இரண்டு தடவை படித்தாள். வேறு ஏதோ குற்றம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அந்த வியாபாரி மறுபடி போகும்போது யாங்கிக்கு ஒன்று சொல்லி அனுப்பு. அவள் மகனிடம் பொய் சொல்லிவிட்டதாக நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள். அவள் சொன்னது பொய் இல்லை. முப்பத்தைந்து நாள் முந்திச் சொல்லிவிட்டாள். முந்திச் சொன்னது அவள், பிந்தி எழுதியது நான். பெரிய ஊர் என்று சொன்னதும் இருக்கட்டும்.

ஊர் பெயரை அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் அவளுக்கு உறுத்தும். கீழே, கிழித்தெடுக்க வசதியாகத் தனி வரியில், நம் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திவிட்டு, அவளுக்குக் கொடுத்து அனுப்பு.

ஹிண்டர்மோஸ்.

உன் அண்ணன்
சம்பெல்